கௌதமி விதை போட்ட இடம்

அந்த டிசம்பர் காலையில் என் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் ஷூவையும் சாக்ஸையும் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தின் பின்பக்கத்து மூலையில் வெறுங்காலோடு நெருக்கியடித்து நின்றிருந்தார்கள்.

கோலார் தங்கவயலில் டிசம்பர் குளிர் சாதாரணக் குளிர் இல்லை. பிள்ளைகள் குரங்குக் குல்லாவும் இரண்டு ஸ்வெட்டருமாக உருண்டையாக வந்து இறங்குவார்கள். அப்படிப்பட்ட நாளில் வெறுங்காலோடு நிற்பதைப் பார்த்ததும் எனக்குப் பதறியது.

"எல்லாரும் ஷூ போடுங்க. சளி பிடிச்சுக்கும்" என்றேன்.

யாரும் நகரவில்லை.

"இங்க சூடா கீது மிஸ்" என்றாள் கௌதமி. "நீங்களும் காலு வெச்சிப் பாருங்க."

செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்தேன். மண் வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் பட்ட சூடு இல்லை, வெயில் இன்னும் சுவரைத் தாண்டி வரவே இல்லை. யாரோ இவ்வளவு நேரம் படுத்திருந்துவிட்டு இப்போதுதான் எழுந்துபோன பாயில் கால் வைத்தது போல இருந்தது.

சுற்றிலும் புல் முழுக்கப் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது. முருங்கை மரத்தடியில், அந்த மூலையில் மட்டும், ஒரு பொட்டுப் பனி இல்லை.

மொச்சையா, அவரையா

தங்கவயலைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் தங்கத்தைப் பற்றி வரும் என்று காத்திருப்பதாக ஒரு வாசகர் சொல்லியிருந்தார். அவரை ஏமாற்ற வேண்டியிருக்கிறது. நான் அங்கே இருந்த காலத்தில் தங்கத்தைப் பார்த்தது நகைக்கடையில் மட்டும்தான். சுரங்கத்தை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது.

என் கணவருக்கு அங்கே கனரக இயந்திரம் செய்கிற தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் திண்டுக்கல்லில் இருந்து போனோம். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் மரங்களும் பூங்காவும் அழகாக இருக்கும். கொஞ்ச தூரம் தாண்டினால் மாரிகுப்பம் பக்கத்தில் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள். அந்தப் பக்கத்தில் இருந்த ஒரு நர்சரிப் பள்ளியில் எனக்கு யூகேஜி வகுப்பு கொடுத்தார்கள்.

வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் கட்டடம். தகரக் கூரை. பிள்ளைகளின் தாத்தாக்கள் எல்லாம் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். அப்பா அம்மாக்கள் விடியும் முன்பே மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள்.

செடி எப்படி வளர்கிறது என்ற பாடத்தை நான் குளிர்காலத்தில்தான் எடுப்பேன். அது அவரைக்காய் சீசன். பேத்தமங்களா, பூதிகோட்டைப் பக்கத்தில் இருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஊரே அவரை மணக்கும்.

"இது மொச்சைக்கொட்டை" என்று முதல் வருஷம் நான் காட்டியபோது வகுப்பே சிரித்தது.

"இன்னா மிஸ், மொச்சைன்றீங்க. இது அவர" என்றது ஒரு பிள்ளை. பக்கத்தில் இருந்தது, "அவரெகாளு" என்று கன்னடத்தில் திருத்தியது. அன்றைக்கு நான்தான் மாணவி.

காகிதக் கப்பில் ஈரப் பஞ்சு. அதில் ஆளுக்கொரு கொட்டை. தினமும் வந்ததும் எட்டிப் பார்ப்பார்கள். வேர் கீழே போகும், தண்டு மேலே வரும் என்று சொல்லிக் கொடுப்பேன். நம்ப மாட்டார்கள். ஒரு கப்பைப் படுக்க வைத்துவிடுவேன். சில நாளில் தண்டு வளைந்து மேலே பார்க்கத் திரும்பியிருக்கும்.

"எப்படிப் போட்டாலும், எங்க போட்டாலும், செடி மேலதான் வரும்" என்பேன்.

வருஷா வருஷம் சொன்ன வாக்கியம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைகள் மலை வரைந்தால் சாம்பல் நிறம் பூசுவார்கள். பாடப் புத்தகத்தில் பச்சை மலை இருக்கும், இவர்கள் பென்சிலால் கிறுக்கிச் சாம்பலாக்குவார்கள். அவர்கள் பிறந்ததில் இருந்து பார்த்த மலை அதுதான். தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண் மேடு, சயனைட் மேடு. அதன்மேல் ஒரு புல்கூட ஒழுங்காக முளைப்பதில்லை. காற்றடிக்கிற மாதங்களில் அதன் தூசி வந்து எங்கள் ஜன்னல் கம்பியில் மாவு போலப் படியும்.

அலமாரிக்குள் ஒரு கப்

கௌதமிக்கு அப்போது ஐந்து வயது. பெரிய கண். குரல் மட்டும் பெரியவர்கள் குரல் மாதிரி நிதானமாக இருக்கும். அவள் அம்மா விசாகா பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியின் பில்லிங் கவுண்டரில் வேலை பார்த்தாள். அப்பா வேறெங்கோ போய்விட்டார், அதைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை, நானும் கேட்டதில்லை. வீட்டில் அம்மாவும் மகளும்தான். பௌத்தக் குடும்பம், மாடத்தில் சின்னப் புத்தர் சிலை இருக்கும்.

செடிக்கு வெளிச்சம் ஏன் வேண்டும் என்று காட்டுவதற்காக ஒரு கப்பை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். சில நாள் கழித்துப் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துத் திறந்தேன்.

உள்ளே இருந்த செடி மற்ற செடிகளைவிட உயரமாக வளர்ந்திருந்தது. ஆனால் வெள்ளை. புழு நிறம். இலைகள் மஞ்சளாக மூடியே கிடந்தன. தண்டு மட்டும் நீண்டு நீண்டு, அலமாரிக் கதவின் இடுக்கைத் தேடிப் போய் அங்கே முட்டி நின்றிருந்தது.

பிள்ளைகள் கொஞ்சம் பின்வாங்கினார்கள். கௌதமி மட்டும் கிட்டே வந்து பார்த்தாள்.

"மிஸ், கீழ இருக்கறவங்களும் இப்டித்தான் ஆயிடுவாங்களா?"

"எந்தக் கீழே?"

"லெவல்ல. எங்க தாத்தா லெவல்ல வேல செய்றாரு. ரொம்ப நாளா மேல வரல."

சுரங்கத்துக்கு அடியில் ஆழத்துக்கு ஆழம் குடைந்த தளங்களைத்தான் அங்கே லெவல் என்பார்கள். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சொல். ஆனால் சுரங்கம் மூடியபின் பிறந்த பிள்ளை, தாத்தா இன்னும் அங்கே வேலை செய்கிறார் என்கிறது. ஏதோ சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

அதன் பிறகு அவள் அந்த வெள்ளைச் செடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயிலில் வைத்தால் பச்சையாகிவிடும் என்றேன். "நெஜமாவா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

மூச்சு

வெதுவெதுப்பான மூலைக்கு வருகிறேன்.

குளிரில் பஞ்சில் போட்ட விதைகள் சோம்பிக் கிடந்தன. அந்த மூலையில் விதைத்தால் சீக்கிரம் முளைக்குமே என்று எனக்குத் தோன்றியது. சூடு எங்கிருந்து வருகிறது என்று நான் யோசிக்கவில்லை. பக்கத்தில் எங்கேயாவது வெந்நீர்க் குழாய் போகும், மக்கிய குப்பை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு சின்னப் பாத்தி போட்டோம். இரண்டாம் நாளே மண் வெடித்துவிட்டது. நான் எந்த ஊரிலும் அவரை அவ்வளவு வேகமாக முளைத்துப் பார்த்ததில்லை.

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். எனக்கும்தான்.

ஊற்றிய தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. குடம் குடமாக ஊற்றினாலும் உடனே உள்ளே போனது. காலையில் சீக்கிரம் வந்தால் மரத்தடியில் மெல்லிய ஆவி எழும்பி நிற்கும். கொஞ்சம் எழும்பும், நின்றுவிடும். மறுபடி எழும்பும்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கௌதமியைக் காணவில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம், சுவர் ஓரத்தில் குப்புறப் படுத்திருந்தாள். தலை தெரியவில்லை. முகத்தை ஒரு பொந்துக்குள் நுழைத்திருந்தாள்.

ஓடிப்போய் இடுப்பைப் பிடித்துத் தூக்கினேன். அவள் அழவில்லை. முகம் வியர்த்திருந்தது. அந்தக் குளிரில் அவள் நெற்றி முடி நனைந்து ஒட்டியிருந்தது.

"இன்னா பண்றே இங்க?" அவர்கள் தமிழ் எனக்கும் அப்போது ஒட்டிக்கொண்டிருந்தது.

கையை விரித்துக் காட்டினாள். அவரைக்கொட்டைகள்.

"தாத்தாவுக்குத் தெனமும் போடறேன் மிஸ். எங்க போட்டாலும் செடி மேலதான் வரும்னு சொன்னீங்கள்ள. அதப் புடிச்சிக்கினு தாத்தா மேல வந்துருவாரு. வந்தா வெயில்ல ஒக்கார வெச்சிட்டா சரியாயிடுவாரு."

நான் பொந்தைப் பார்த்தேன். ஒரு பிள்ளையின் தலை நுழைகிற அகலம்தான். விளிம்பில் மண் ஈரமாக மின்னியது. உள்ளே இருந்து சூடான காற்று என் முகத்தில் பட்டது, நின்றது, மறுபடி பட்டது.

அதன் வழியாக ஒரு தண்டு வெளியே வந்திருந்தது. வெள்ளையாக, கயிறு போல நீளமாக. வெளிச்சத்துக்கு வந்த நுனியில் மட்டும் இலேசாகப் பச்சை பிடிக்க ஆரம்பித்திருந்தது. அதற்கடுத்த பாகம் உள்ளே இருட்டுக்குள் போய் மறைந்தது. எவ்வளவு கீழே இருந்து வருகிறது என்று தெரியவில்லை.

ஒரு கல்லை எடுத்துப் போட்டேன். காதை வைத்துக் கேட்டேன். விழுந்த சத்தம் வரவே இல்லை. காற்று மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தது. அதில் ஈரப் பாறையும் எரிந்த வெடிமருந்தும் கலந்த மாதிரி ஒரு வாசனை.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். என் வகுப்பறைதான் அந்த மூலைக்குப் பக்கத்து அறை என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. தரையில் செருப்பில்லாமல் நின்று பார்த்தேன். சிமெண்ட் தரையும் சுவர் ஓரத்தில் சூடாக இருந்தது.

விசாகா

தலைமையாசிரியை ஸ்டெல்லா மேடம் நல்லவர். ஆனால் பள்ளி நடத்துவதில் ஆயிரம் கவலை அவருக்கு. வந்து பார்த்தார். "பெருச்சாளி வளை. சிமெண்ட் போட்டு மூடிடலாம்" என்றார்.

"கல் விழுந்த சத்தமே கேக்கல மேடம்."

"மண்ணு மேல விழுந்தா சத்தம் எப்படிக் கேக்கும்? அட்மிஷன் நேரம். தயவு செஞ்சு இதைப் பெருசாக்காதீங்க."

அன்று சாயங்காலம் விசாகாவுக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டாள். மறுநாள் வேலைக்குப் போகாமல் பள்ளிக்கு வந்து நின்றாள்.

நேரே மூலைக்கு அழைத்துப் போனேன். பொந்தைப் பார்த்ததும் அவள் மண்டியிட்டாள். காற்று அவள் முகத்தில் பட்டது. கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குப் பயமாகிவிட்டது, தோளைத் தொட்டேன்.

"எங்கப்பா ஷிப்ட் முடிச்சி வந்தா இதே வாசனதான் மிஸ்" என்றாள். "சட்டைய எத்தினி தபா தொவச்சாலும் போவாது."

அங்கேயே நின்று சொன்னாள்.

"எனக்கு அப்ப இவ வயசுதான். செகண்ட் ஷிப்ட்டுக்குப் போனாரு. கீழ பாறை ஒடஞ்சி விழுந்துச்சி. அவரு இருந்த எடத்துக்கு யாராலயும் போவ முடியல. கொஞ்ச நாளு பாத்தாங்க, அப்புறம் அந்த வழியவே அடச்சிட்டாங்க. ஒடம்பு வரல. இவ, தாத்தா எங்கன்னு எங்கிட்ட கேட்டா. செத்துட்டாருன்னு சொன்னா, எங்க பொதச்சீங்கன்னு கேப்பா. நாங்க பொதைக்கலயே மிஸ். அதான் கீழ வேலையில கீறாருன்னு சொல்லி வெச்சிட்டேன்."

பிறகு எழுந்து முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். முகம் மாறியிருந்தது.

"பெருச்சாளி இல்ல இது. அந்தக் காலத்துல மேலாப்புலயே தங்கத்த வெட்டி எடுத்துட்டு அப்டியே வுட்டுட்டுப் போன எடம் ஊரு பூரா கீது. லெவல்ல எப்பவும் அனலாத்தான் இருக்கும், அந்தச் சூடு மேல வருதுன்னா, நடுவுல ஒண்ணுமே இல்லன்னு அர்த்தம். எங்க லைன்ல ஒரு வீட்டுத் திண்ணை இப்டித்தான் போச்சி."

ஸ்டெல்லா மேடம் அறைக்குள் அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"இந்தப் பின்னாடி ரூம்ல புள்ளைங்கள ஒக்கார வெச்சீங்கன்னா, நான் ஒவ்வொரு வீடாப் போயி சொல்லுவேன் மேடம். யாரும் அனுப்ப மாட்டாங்க. முன்னாடி ஹாலுக்கு மாத்துங்க. மாத்தற வரைக்கும் நான் இங்கதான் ஒக்காந்திருப்பேன்."

உட்கார்ந்தாள். மதியம் வரை உட்கார்ந்தாள். கடைசியில் மேடம் சலித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். நாற்காலிகளை நாங்களே தூக்கி முன்பக்கம் போட்டோம். என் மேசை கதவில் நுழையாததால் அங்கேயே விட்டுவிட்டோம். பின்பக்கம் போகிற வழியில் கயிறு கட்டி, அறையைப் பூட்டினோம்.

பூட்டுவதற்கு முன் அந்த வெறும் வகுப்பறையில் விசாகா மகளைத் தன் எதிரே நிறுத்தி, உண்மையைச் சொன்னாள். நான் வாசலில் நின்றேன்.

"தாத்தா செத்துட்டாரும்மா. அம்மா பொய் சொல்லிட்டேன்."

"எப்போ?"

"நீ பொறக்கறதுக்கு ரொம்ப முன்னாடி."

கௌதமி யோசித்தாள்.

"அப்ப நான் இருக்கறதே அவருக்குத் தெரியாதா?"

அதுவரை அழாமல் இருந்த விசாகா அப்போது உடைந்துவிட்டாள். பிள்ளை அவள் தலையைத் தடவிக் கொடுத்தது.

முருங்கை மரம்

அந்த வாரக் கடைசியில் வங்கக் கடலில் ஒரு புயல். எங்களுக்குக் காற்றில்லை, விடாத தூறல் மட்டும். நாள் கணக்கில் தூறிக்கொண்டே இருந்தது.

அப்படித் தூறிக்கொண்டிருந்த ஒரு நாள் முற்பகல். ஹாலில் பிள்ளைகள் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று எல்லாரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள். ஏன் நிறுத்தினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்கு எந்தச் சத்தமும் கேட்டிருக்கவில்லை. அடுத்த நிமிஷம்தான் கேட்டது. தூரத்தில் ஒரு லாரி கல் கொட்டுவது போல. மேலே தகரம் நடுங்கியது.

நிமிர்ந்து பின் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முருங்கை மரம் இறங்கிக்கொண்டிருந்தது.

சாயவில்லை. முறியவில்லை. ஓர் இலைகூட ஆடவில்லை. நின்ற நிலையில், நேராக, மெதுவாகக் கீழே போனது. முதலில் அடிமரம் மறைந்தது, பிறகு கிளைகள், கடைசியில் உச்சிக் கொழுந்து. அது இருந்த இடத்தில் பின்சுவரும் வானமும் தெரிந்தன. பிறகு பின்சுவரும் இல்லை.

"கேஜ்ல எறங்கறா மாதிரி கீது" என்றது ஒரு பிள்ளை. அவர்கள் வீட்டில் கேட்டு வளர்ந்த சொல் அது. ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற கூண்டு.

பிள்ளைகளை எப்படி ரோட்டுக்குக் கொண்டு வந்தோம் என்று நினைவில்லை. மழையில் நின்றோம். ஸ்டெல்லா மேடம் ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் கை வைத்துப் பார்த்தார். முடித்ததும் மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தார். ஒருத்தருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

பின்பக்கத்து அறையில் பாதித் தரை போய்விட்டிருந்தது. பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பாதி. என் மேசை அதோடு போயிருந்தது.

மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பொண்ணு வந்து ஒக்காரலன்னா" என்றார். அன்று சாயங்காலம் அவரே மாரிகுப்பம் ஸ்டேஷனுக்குப் போய், ரயிலில் இருந்து இறங்கிய விசாகாவைக் கட்டிக்கொண்டு அழுதாராம். விசாகா பிறகு சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை

அதிகாரிகள் வந்தார்கள். லாரி லாரியாக மண் கொட்டினார்கள். கொட்டியது காலையில் பார்த்தால் உள்வாங்கியிருக்கும், மறுபடி கொட்டினார்கள். கடைசியில் ஒருவழியாக நின்றது. சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள். பள்ளிக்கூடம் மெயின் ரோட்டுப் பக்கம் ஒரு வாடகைக் கட்டடத்துக்கு மாறியது.

தை பிறந்த பிறகு ஒரு நாள் விசாகா கேட்டாள். "அப்பாவுக்கு இதுவரைக்கும் ஒண்ணுமே செய்யல மிஸ். எடம்னு ஒண்ணு இல்லாம எங்க செய்றதுன்னு வுட்டுட்டோம். அந்த வேலிகிட்ட செய்யலாம்னு கீறேன். நீங்களும் வாங்க."

போனேன். ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல வெயில். அவர்கள் சொந்தக்காரர்கள் கொஞ்சம் பேர் வெள்ளை உடுத்தி வந்திருந்தார்கள். வேலிக்கு வெளியே பாய் விரித்து, விசாகாவின் அப்பா படத்தை வைத்தார்கள். மீசை வைத்த இளைஞர். விசாகாவைவிட அவருக்கு வயது குறைவாகத் தெரிந்தது. மெழுகுவர்த்தி ஏற்றி, புத்தம் சரணம் கச்சாமி என்று தொடங்கி மூன்று சரணங்களையும் சொன்னார்கள். விசாகாவின் குரல் தெளிவாக இருந்தது. அவள் முகத்தில், இத்தனை வருஷம் சுமந்ததை இறக்கி வைத்த மாதிரி ஒரு சோர்வு.

கௌதமி என் பக்கத்தில் வந்து நின்றாள். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே கொட்டிய சிவப்பு மண்ணைப் பார்த்தாள்.

"மிஸ், தாத்தா செத்துட்டாருல்ல?"

"ஆமாம்மா."

"அப்ப நான் அந்த வெள்ளச் செடியப் புடிச்சி இழுத்தப்ப, கீழேர்ந்து திருப்பி இழுத்தது யாரு?"

அவள் இழுத்தாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"அது வேர். வேர் பாறை இடுக்குல பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கும்" என்றேன்.

கௌதமி தலையை ஆட்டினாள், இல்லை என்று. எனக்குப் பாடம் சொல்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னாள்.

"வேரு புடிச்சிக்கினு இருக்கும் மிஸ். இழுக்காது."

பாயில் இருந்து அவள் அம்மா கூப்பிட்டாள். அவள் கம்பியை விடவில்லை. நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு, வேலியை விட்டுத் தள்ளி அழைத்துப் போனேன்.